வயித்தம்மாவும் தேக்குக் கதவும்

உத்திரமேரூரில் ஒரு கலைக்கூடம் வரப்போகிறது என்று முத்துகிருஷ்ணன் இரண்டு வருஷம் மைக் வைத்துக் கத்தினார். நோட்டீஸ் அடித்தார், வண்டியில் குழாய் கட்டிச் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் அனுப்பினார். ஒரு செங்கல்கூட வந்து சேரவில்லை. கேட்ட இடத்தில் எல்லாம் "ஆவட்டும், பாக்கலாம்" என்றார்கள். நம் பக்கத்தில் "பாக்கலாம்" என்றால் இனிமேல் இந்தப் பக்கம் தலை காட்டாதே என்று அர்த்தம். நாற்பது காணி நிலத்துக்காரர், கலைக்கூடக் கமிட்டிக்குத் தலைவர், அவருக்கே அது தெரியும். அவரும் எத்தனையோ பேருக்கு அதே பதிலைச் சொன்னவர்தான்.

கடைசியில் கமிட்டியார் மார்த்தாளைப் பிடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர், நாற்பத்திரண்டு வயது, தனிக்கட்டை. நன்கொடைப் பொறுப்பு முழுக்க உங்களுடையது என்று அவள் தலையில் கட்டிவிட்டு அவரவர் வயலைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவள் ரசீதுப் புத்தகத்தைத் தொடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் குடையும் படம் வரைகிற நோட்டுமாகக் கிளம்பிவிடுவாள். ஒரு வீட்டுக்கு முதல் தடவை போனால் எதுவும் கேட்க மாட்டாள். இரண்டாம் தடவை அந்த வீட்டுக் காபியைக் குடித்து, மாட்டுக்கு என்ன உடம்பு, மருமகள் ஏன் கோபித்துக்கொண்டு போனாள் என்று விசாரிப்பாள். மூன்றாம் தடவை அவர்களே, "இன்னா டீச்சரம்மா, உனுக்கு இன்னாதான் வோணும்?" என்று கேட்டுவிடுவார்கள். கடைக்காரனிடம் பணம் கேட்கக் கூடாது, பொருளைக் கேட்க வேண்டும். நிலத்துக்காரனிடம் பொருளைக் கேட்கக் கூடாது, அவன் வயலில் குப்புறக் கிடக்கிற பழைய சிலையைக் கேட்க வேண்டும். கொடுத்ததை நோட்டில் அழகாக வரைந்து, கீழே கொடுத்தவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, கண்ணாடி போட்டு அவர்கள் வீட்டுச் சுவரில் அவளே மாட்டிவிட்டு வருவாள். ஒன்றரை வருஷத்தில் பழைய நெல் கிடங்கு ஒன்றுக்கு ஓடு வந்தது, தரை வந்தது, பன்னிரண்டு சிலைகள் வந்தன. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

அந்த வாய்தான் அவளைக் கவிழ்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

பன்னிரண்டு சிலைகளில் முக்கியமானது திருப்புலிவனத்துச் செங்கேணியின் கிணற்றுமேட்டில் இருந்த அம்மன். இடுப்பளவு உயரம், கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பாள், வயிறு மட்டும் பானை மாதிரி முன்னால் வந்திருக்கும். மெட்ராஸிலிருந்து வந்து பார்த்த புரொபசர் இது ஜேஷ்டாதேவி, பல்லவர் காலம், அபூர்வம் என்று குதித்தார். செங்கேணி வீட்டாருக்கு அவள் வயித்தம்மா. அவ்வளவுதான். அந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி கண்டால், அவளைப் பெற்றவள் ஓடிப்போய் வயித்தம்மாவின் வயிற்றில் விளக்கெண்ணெய் வார்த்துக் கற்பூரம் காட்ட வேண்டும். வழிகிற எண்ணெயைக் கிண்ணியில் பிடித்து வந்து வலிக்கிற வயிற்றில் தடவ வேண்டும். தடவினால் பிள்ளை சிக்கல் இல்லாமல் வந்துவிடும். ஏழு தலைமுறையாக வந்தது என்பார்கள்.

அப்படிப்பட்டவளைச் செங்கேணி ஏன் கொடுத்தாள்? பயம். அந்த வருஷம் பக்கத்து வயல்களில் இரண்டு சிலைகள் காணாமல் போயிருந்தன. "எங்க கட்டடத்துக்குத் தேக்குக் கதவு, பித்தளைப் பூட்டு வரப்போவுது. எவனும் கை வைக்க முடியாது" என்றாள் மார்த்தாள்.

"அது சரி டீச்சரம்மா. எம்பொண்ணுக்கு வலி கண்டா? நான் வந்து எண்ணெய் வைக்கணுமே. அந்தக் கதவு தொறக்குமா?"

"எப்ப வேணா வா. நானே தொறக்கறேன்."

செங்கேணியின் மகள் பாஞ்சாலிக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. எப்போதோ வரப்போகிற வலிக்கு இப்போதே ஏன் மல்லுக்கட்டுவது என்று மார்த்தாள் நினைத்தாள். மார்த்தாள் வேதக்காரி, நம் சாமியைத் தனது என்று பிடுங்கிக்கொள்ள மாட்டாள் என்று செங்கேணி நம்பினாள். வயித்தம்மா வண்டியேறினாள்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து மரக்கடை அஹமது பாட்சா. உத்தரமும் சட்டமும் ஏற்கெனவே கொடுத்திருந்தார். வாசலுக்கு இரட்டைத் தேக்குக் கதவு, தன் கடை ஆசாரி தாமோதரனை வைத்துத் தானே செய்து தருவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு நிபந்தனை வைத்தார்.

"டீச்சர், சிலைங்களை வையுங்க. நம்ம ஊரு சரித்திரம், எனக்கும் அதுல பாத்தியதை கீது. ஆனா எண்ணெய், கற்பூரம், பூசை எதுவும் உள்ள கூடாது. கதவு என்னுது. அந்தக் கதவைத் தொறந்துதான் உள்ள கற்பூரம் ஏத்துவாங்கன்னா, நானே ஏத்தின மாதிரி ஆயிடும். அப்புறம் ஜமாத்துல நான் நிமிந்து உக்கார முடியாது. நீங்க ரெண்டு பக்கமும் சேராதவங்க, அதனால நம்பிக் கேக்கறேன்."

"ஐயோ பாய், மியூசியத்துல யாராவது பூசை பண்ணுவாங்களா?" என்று சிரித்தாள் மார்த்தாள்.

செங்கேணியின் முகம் அந்த நிமிஷத்தில் ஞாபகத்துக்கு வராமல் இல்லை. வந்தது. சமாளித்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டாள். கொடுக்கிறவர் மனம் கோணக் கூடாது, அதுதான் அவள் தொழில் ரகசியம். பாஞ்சாலியின் வளைகாப்புக்குப் போய் ஐந்து வகைச் சோறு சாப்பிட்டபோது மனதுக்குள் கணக்குப் போட்டாள்: தை முதல் ஞாயிறு திறப்பு விழா, பிரசவம் மாசிக்குத்தான். அதற்குள் ஏதாவது வழி பிறக்கும். மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கே தெரியாது என்கிறார்கள்; டிராயிங் டீச்சருக்குத் தெரிந்துவிட்டதாம்!

எண்பத்து மூன்றாம் வருஷம், தை முதல் ஞாயிறு. பதினொரு மணிக்குத் திறப்பு. வயித்தம்மாவைப் பார்க்கவென்றே மெட்ராஸிலிருந்து பெரிய ஆபீசர் வருகிறார். அவர் தலையசைத்தால் கலைக்கூடத்துக்கு அரசாங்க அங்கீகாரம். வாசலில் வாழைமரம் கட்டியாயிற்று. பாட்சா வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாகக் காலை ஏழு மணிக்கே வந்து, தாமோதரன் தாழ்ப்பாள் பொருத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையால் பூட்டி, சாவியைத் தன் கையால் ஆபீசரிடம் கொடுக்க வேண்டும் என்று ஆசை.

எட்டரை மணிக்கு ஒரு சைக்கிள் வந்து நின்றது. மருமகன் சின்னராசு மிதித்துவர, கேரியரிலிருந்து செங்கேணி குதித்தாள். கையில் எண்ணெய்ச் சொம்பும் கிண்ணியும், முந்தானையில் முடிந்த கற்பூரம். தலை கூட வாரவில்லை.

"டீச்சரம்மா, பாஞ்சாலிக்கு வலி கண்டுச்சி. கோயி கூவறப்பவே புடிச்சிக்கிச்சி. நர்சம்மா பக்கத்துல கீது. கதவைத் தொற, ஓடியாந்துட்டேன்."

 மார்த்தாள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பாட்சா தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வேலை நடக்குது செங்கேணி. பத்து நிமிசம். வா, இப்படி வா." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கட்டடத்தின் பின்புறம் சிமெண்டு மூட்டை அடுக்கியிருந்த கொட்டாய்க்குள் உட்கார வைத்தாள். "இங்கியே இரு. நான் வந்து கூப்புடறேன். வெளிய வராதே."

"ஏம்மா வெளிய வரக் கூடாது?"

"சொன்னா கேளு."

திரும்பி வந்து சிரித்த முகத்தோடு, "பாய், நாஷ்டா ஆச்சா? போய் ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாங்களேன், நேரம் கீது" என்றாள்.

"இன்னைக்கு எனக்கு எங்க டீச்சர் பசிக்குது? இந்தக் கீல் சத்தம் போடுது பாருங்க, அத்தப் பாத்துட்டுத்தான் மறுவேலை."

எட்டே முக்கால். பாட்சாவின் மகன் லுக்மான் டீ வாங்கி வந்தான். அவர் நின்ற இடத்திலேயே குடித்தார். மார்த்தாள் ஓடிப்போய் முத்துகிருஷ்ணன் காதில் விஷயத்தைப் போட்டாள். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அடப் பாவி! எண்ணெய் வைக்கலாம்னு வாக்கு குடுத்தியா? பாய்கிட்ட வேற வாக்கு குடுத்தியா? டீச்சர், உனுக்கு இன்னா ஒரு வாயா, ரெண்டு வாயா? அந்தப் பொம்பளைய மொதல்ல அனுப்பு. நாளைக்கு வரச் சொல்லு."

"வலி இன்னைக்குக் கண்டிருக்குது தலைவரே."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

கொட்டாய்க்கு மறுபடி ஓடினாள். செங்கேணி நின்றுகொண்டிருந்தாள், உட்கார முடியவில்லை அவளால். மார்த்தாள் சொம்பைக் கேட்டாள். "குடு, நான் போயி சத்தமில்லாம வார்த்துப் புடிச்சாரேன். கற்பூரம் வேணாம், எண்ணெய் மட்டும்."

"பெத்தவ கைதான் வைக்கணும். உனுக்குத் தெரியாதா? அன்னைக்கு எல்லாத்தையும் சொன்னேனே. எல்லாத்துக்கும் மண்டைய ஆட்டிக்கினு இருந்தியே!" குரல் உடைந்தது. "அங்க எம்பொண்ணு கத்திக்கினு கீது டீச்சரம்மா. முதுகைப் புடிச்சிக்க ஆளில்ல. போயி பத்து நிமிசத்துல வந்துடறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"இன்னும் கொஞ்சம்..."

"எத்தினி கொஞ்சம்?"

 மார்த்தாள் மறுபடி முன்பக்கம் வந்து, கதவுக்கு வார்னிஷ் போட இன்னொரு பாட்டில் வேண்டும், கடையிலிருந்து எடுத்து வர முடியுமா என்று பாட்சாவைக் கேட்டாள். அவர் லுக்மானை அனுப்பினார். பந்தல் சரியா என்று பார்க்கக் கூப்பிட்டாள். அவர் தலையை மட்டும் திருப்பிப் பார்த்து, நல்லாகீது என்றார். ஒன்பதரை ஆயிற்று. ஏழு வருஷம் பழகிய மனுஷரை ஒரு ஐந்து நிமிஷம் அந்த வாசலை விட்டு நகர்த்த அவளால் முடியவில்லை. ரவிக்கை முதுகோடு ஒட்டிப்போயிற்று.

அப்போது செங்கேணி வந்தாள். பின்பக்கமாக இல்லை, வாழைமரம் கட்டிய முன்வாசல் வழியாக, எண்ணெய்ச் சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு நேராக. பாட்சாவைத் தாண்டி உள்ளே காலை வைக்கப் போனவளை அவர் மரியாதையாகத்தான் நிறுத்தினார்.

"யாரும்மா நீங்க? டீச்சர், யாரு இவங்க?"

மார்த்தாள் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு பழக்கதோஷத்தில் புரண்டது. "சிலை குடுத்தவங்க பாய். சும்மா ஒரு தபா பாத்துட்டுப் போவலாம்னு வந்துருக்காங்க."

"சும்மாவா?" செங்கேணி அவள் பக்கம் திரும்பினாள். "நான் சும்மா வந்தேனா? எம்பொண்ணுக்கு வலி கண்டு, வயித்தம்மாவுக்கு எண்ணெய் வைக்க வந்தவ நானு. எப்ப வந்தாலும் கதவு தொறக்கறேன்னு நீதானே சொன்ன? ஒரு மணி நேரமா சிமெண்டு மூட்டைப் பக்கத்துல ஒளிச்சி வச்சிட்டு, இப்ப சும்மாவா வந்தேன்?"

தாமோதரன் சுத்தியலைக் கீழே வைத்தான். பந்தலில் நாற்காலி போட்டவர்கள் அப்படியே நின்றார்கள். குட்டு உடைந்துபோயிற்று. பாட்சா மார்த்தாளைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். அவர் முகத்தில் ஏதோ கணக்கு தப்பிப்போனவரின் திகைப்புதான் இருந்தது.

"எனக்கு இன்னா சொன்னீங்க டீச்சர்?"

"பாய்... ரெண்டு பேருக்கும் சொல்லிட்டேன். இவங்களுக்கு மொதல்ல சொன்னேன். உங்களுக்கு அப்புறம் சொன்னேன்." அவமானம் அவளைப் பிடுங்கித் தின்றது. "தெரிஞ்சிதான் சொன்னேன்."

 பாட்சா செங்கேணியிடம் கேட்டார். "தலைப்பிரசவமா?"

"ஆமாம் பாய்."

"உள்ள போங்க. சீக்கிரம் முடிச்சிக்கங்க." மற்றவர்களைப் பார்த்துக் கையை வீசினார். "எல்லாரும் வெளிய வாங்க. அந்தம்மா வேலைய பாக்கட்டும்."

தானும் வாசல்படியை விட்டு இறங்கி, கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார். உள்ளே செங்கேணி ஏதோ முணுமுணுப்பது கேட்டது. கற்பூர வாசனை வெளியே வந்தது. கிண்ணியைக் கையால் மூடிக்கொண்டு அவள் ஓடிவந்தபோது, கடைக்குப் போன லுக்மான் வேனோடு திரும்பியிருந்தான். "இந்தம்மாவ திருப்புலிவனத்துல வூட்டாண்ட வுட்டுட்டு வா. சைக்கிளையும் மேல போட்டுக்க. வழியில நிக்காதே" என்றார் பாட்சா. வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

அதன் பிறகு திரும்பி, "தாமோதரா, கதவைக் கயட்டு" என்றார்.

முத்துகிருஷ்ணன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "பாய், இன்னும் ஒரு மணி நேரத்துல ஆபீசரு வந்துடுவார். மானம் போயிடும். வெண்ணெய் தெரண்டு வரப்ப தாழிய ஒடைச்சிடாதீங்க!"

"உத்தரம் இருக்கட்டும், சட்டம் இருக்கட்டும். மழையில எதுவும் நனைய வாணாம். கதவு மட்டும் என் பேச்சு வாங்கிக்கினு குடுத்தது. அத்தக் கயட்டிக்கிறேன்." மார்த்தாள் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மா மேல எனக்கு இன்னா கோவம்? எனக்கும் மூணு பொண்ணு கீது. 'பாய், இந்த மாதிரி ஒருத்தருக்கு வாக்கு குடுத்துட்டேன்'னு நீங்க வந்து சொல்லியிருந்தா, கதவை வுட்டுட்டு சுத்திலும் வேலி அடிச்சிக் குடுத்திருப்பேன். வேலிக்கு உள்ள நீங்க என்ன வேணா பண்ணிக்கங்க, எனக்கு இன்னா வந்துது? ஒரு பேஜாரும் இல்ல. நீங்க என்னைக் கேக்கவே இல்லியே டீச்சர். நான் மாட்டேன்னுதான் சொல்லுவேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

மார்த்தாள் கீழே கிடந்த திருகாணிகளைப் பொறுக்கித் தாமோதரனிடம் கொடுத்தாள். 

விழா நடந்தது. வாசலில் பந்தல் துணி ஒன்றைத் தொங்கவிட்டார்கள். ஆபீசர் ரிப்பன் வெட்டிவிட்டு, கதவு எங்கே என்று கேட்டார். "காத்தோட்டமா இருக்கட்டுமேன்னு வுட்டு வச்சிருக்கோம் சார்" என்றார் முத்துகிருஷ்ணன். வயித்தம்மாவின் வயிற்றில் எண்ணெய் பளபளத்தது. ஆபீசர் விரலால் தொட்டுப் பார்த்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, கதவு போட்ட பிறகு எழுதுங்கள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மார்த்தாள் பஸ் ஏறித் திருப்புலிவனம் போனாள். செங்கேணி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. எண்ணெய்க் கிண்ணி கொண்டுவந்தபடியே மாடத்தில் இருந்தது.

"பொண்ணு பொறந்துச்சி" என்றாள். "ரெண்டு உசுரும் நல்லாகீது. வேனு வந்து நின்னப்ப நர்சம்மா கொயந்தைய கழுவிக்கினு இருந்துச்சி. ஒம்போதே காலுக்கே பொறந்துட்டுது."

"சந்தோசம் செங்கேணி."

"அம்மா அம்மான்னு கத்துச்சாம் எம்பொண்ணு. அம்மா எங்கன்னு நர்சம்மாகிட்ட கேட்டுக்கினே இருந்துச்சாம்." துணியை முறுக்கிப் பிழிந்தாள். "அம்மா உன் கொட்டாய்ல ஒளிஞ்சிக்கினு இருந்தா."

மார்த்தாளுக்குக் கண் கலங்கியது. செங்கேணி அதைப் பார்த்தாலும் இரங்கவில்லை.

"கதவு தொறக்க முடியாது செங்கேணின்னு அன்னைக்கே சொல்லியிருந்தா போதுமே. ஏயாம் மாசத்துலயே வந்து எண்ணெய் வார்த்துப் புடிச்சாந்து, சீசாவுல ஊத்தி வூட்லயே வச்சிருப்பேன். எங்க மாமியாரு மழைக்காலத்துல வரப்பு முழுவிப் பூடும்னு அப்படித்தான் வச்சிக்கினு இருந்தாங்க. உங்கிட்ட நான் கேட்டது எண்ணெய் வைக்கறதுக்கா? தொறக்குமா தொறக்காதான்னு தெரிஞ்சிக்கத்தான். எம்பொண்ணு பக்கத்துல இருந்திருப்பேனே டீச்சரம்மா."

செவ்வாய்க்கிழமை மாட்டுவண்டி வந்தது. சின்னராசுவும் நான்கு பேரும் வைக்கோல் பரப்பி வயித்தம்மாவை ஏற்றினார்கள். முத்துகிருஷ்ணன் தடுக்கச் சொன்னார், போலீசுக்குச் சொல்லலாம் என்றார். மார்த்தாள் கேட்கவில்லை. கல் உரசாமல் இருக்கத் தன் கையாலேயே சாக்கை மடித்து வைத்தாள். வண்டி கடைத்தெருவைத் தாண்டிப் போகும்வரை நின்றாள். அழுதாள், தெருவில் நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூடத் துடைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் பாட்சாவே கலைக்கூடத்துக்கு வந்தார். காலியான மேடையைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கல்லு போயிட்டுதாமே. கேள்விப்பட்டேன். மனசுக்குக் கஷ்டமா கீது டீச்சர். இனிமே எண்ணெய்ப் பேச்சு இல்லியே. தாமோதரனை வரச் சொல்லட்டுமா? அரை நாள்ல மாட்டிடுவான்."

முத்துகிருஷ்ணன் முகம் மலர்ந்துபோயிற்று. சரி என்று சொல்லுங்கள் டீச்சர் என்று கண்ணாலேயே கெஞ்சினார். தேக்குக் கதவு, பித்தளைப் பூட்டு, மறுபடி மெட்ராஸுக்கு ஒரு கடிதம். எல்லாம் ஒரு தலையசைப்பில் இருந்தது.

மார்த்தாள் தலையை அசைக்கவில்லை. "இன்னும் பதினோரு கல்லு கீது பாய். அதுல நாலு கல்லுக்காவது என்னைக்காவது ஒருநாள் யாராவது எண்ணெயோட வருவாங்க. வாங்கறப்ப நான் யாரையும் கேக்கல. அவங்களும் ஏதாவது சொல்லிடப்போறாங்களேன்னு பேச்சை மாத்திட்டேன்." குடையை எடுத்தாள். "ஒவ்வொரு வூடா போயி, உங்க பேச்சு இதுன்னு சொல்லிக் கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் கதவு உங்க கடையிலயே இருக்கட்டும்."

"எண்ணெய் வைக்காம முடியாதுன்னு அவங்களும் கல்லை எடுத்துக்கினு பூட்டாங்கன்னா?"

"அப்ப கதவு தேவைப்படாது பாய்" என்று சொல்லிவிட்டு, முதல் வீடு புள்ளலூரில், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று படியிறங்கினாள்.